16-வது கிலோமீட்டரில் நின்றுபோன காலைச் சரிசெய்தது

போன வருஷம் ஜனவரியில் சென்னையில் என் முதல் அரை மாரத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தை, 2 மணி 40 நிமிடம் 46 வினாடியில் முடித்தேன். நேரம் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை, 16-வது கிலோமீட்டரில் நடந்ததுதான் மனதில் நின்றது. வலது கெண்டைக்கால் உள்ளுக்குள் யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல இறுகி, பாதத்தைத் தரையில் வைக்கவே முடியாமல், சாலை நடுத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் ஓடி வந்து, "உக்காராதீங்க மேடம், உக்காந்தா அப்புறம் எந்திரிக்கிறது கஷ்டம்" என்று சொல்லி, முன்பாதத்தைத் தடுப்புக் கட்டையில் சாய்த்து வைத்துக் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னான். அப்படியே ஒரு நிமிடம் நின்ற பிறகு இறுக்கம் விட்டது. மிச்ச ஐந்து கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் கடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்பு டீ-சர்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு, இடது பெருவிரல் நகம் நீலமாகி இருந்தது, மார்புக்குக் கீழே உள்ளாடைப் பட்டை உரசிய இடத்தில் தோல் உரிந்து குளிக்கும்போது தீயாக எரிந்தது.

இந்த வருஷம் ஜனவரியில் மறுபடி ஓடினேன். 2:24:43. எங்கும் நிற்கவில்லை. நடுவில் இருந்த மாதங்களில் என்னென்ன மாற்றினேன், எது உதவியது, எது உதவவில்லை என்பதை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 41, பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், இதற்கு முன்னால் எந்த விளையாட்டிலும் இருந்தவள் இல்லை.

முதலில் காலில் என்ன கோளாறு என்று பார்த்தேன். கேட்டவர்கள் எல்லாரும் "உப்பு குறைஞ்சிருக்கும், இளநீர் குடி" என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் கைக்கடிகாரத்தில் பதிவான நேரங்களை நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. முதல் 5 கிலோமீட்டரை கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 வினாடி என்று ஓடியிருக்கிறேன், அடுத்த ஐந்தை 6:50, அதற்கடுத்த ஐந்தை 7:30. கடைசி ஆறு சொச்சம் 9:25. பயிற்சியில் ஒரு நாளும் நான் 6:20 வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் தொடர்ந்து ஓடியதில்லை! கூட்டம், இசை, இருட்டில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் அந்த உற்சாகம், எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்விட்டன, அது வேகம் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை நிதானமாக 7:00 என்று ஓடியிருந்தால்கூட 2:27:41-க்கு முடித்திருப்பேன், அதாவது 13 நிமிடம் முன்னால். கால் பிடித்தது 16-ல், ஆனால் தப்பு நடந்தது முதல் ஐந்தில். பழகாத வேகத்தில் களைத்துப்போன தசைதான் பிடித்துக்கொள்கிறது, உப்பும் தண்ணீரும் அதற்குத் துணைக் காரணங்கள் என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். வேகம் கூடினால் உடம்பு கொழுப்பைக் குறைவாகவும் தசையில் சேமித்த மாவுச்சத்தை அதிகமாகவும் எரிக்கும், அந்தக் கையிருப்பு கடுமையான ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். என் 16-வது கிலோமீட்டர் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் வந்தது.

செப்டம்பர் நடுவில் தொடங்கி 16 வாரம். வாரம் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் படிக்கட்டு. படிக்கட்டு என்றால் ஏறி இறங்குவது இல்லை: படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டு, குதிகாலை மெதுவாக மேலே தூக்கி அதைவிட மெதுவாக இறக்குவது, 15 முறை, மூன்று தடவை. முதல் இரண்டு வாரம் மறுநாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் நிற்கவே கால் வலித்தது. நவம்பரில் ஒரு காலால் மட்டும் செய்ய முடிந்தது. கெண்டைக்காலுக்கு இதைவிட நல்ல மருந்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டத்தில் என்னைத் திருத்தியது எங்கள் குழுவில் இருக்கும் ஒரு அக்கா. 56 வயது, எட்டு வருஷமாக ஓடுகிறார். பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு வளைவுக்குப் பக்கத்தில் ஞாயிறு காலை நாலரைக்குக் கூடுவோம், இருட்டு என்பதால் நான்கு பெண்களாவது சேர்ந்தால்தான் கிளம்புவது என்று ஒரு ஒழுங்கு. முதல் ஞாயிறே நான் முன்னால் போய்விட்டேன். அடையாறு திரு.வி.க. பாலத்தில் என்னைப் பிடித்துவிட்டு அக்கா கேட்டார், "காலையில என்ன சாப்ட்டம்மா?" நான் மூச்சு வாங்கிக்கொண்டு "வாழை... ப்பழம்" என்றேன். "பாத்தியா, ஒரு வார்த்தையை ரெண்டா ஒடைச்சு சொல்ற. முழுசா ஒரு வாக்கியம் பேச வரலேன்னா நீ வேகமா ஓடுறன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை ஓட்டம் பேசிக்கிட்டே ஓடறதும்மா." அன்றிலிருந்து ஞாயிறு நீண்ட ஓட்டத்தை 7:40-க்குக் குறையாமல் ஓடினேன். பொறுமை ரொம்பவே தேவைப்பட்டது. நடக்கிறவர்கள் முந்துவதுபோல இருக்கும். ஆனால் பத்தில் தொடங்கி டிசம்பரில் 19 கிலோமீட்டர் வரை போனபோது ஒரு நாளும் திங்கட்கிழமை நொண்டவில்லை. புதன்கிழமை மட்டும் வேகம்: பத்து நிமிடம் மெதுவாக, அப்புறம் இருபது நிமிடம் 6:30-இல், மறுபடி மெதுவாக.

பாதை பெரும்பாலும் ஒன்றுதான். பெசன்ட் நகரில் கிளம்பி, திரு.வி.க. பாலம் ஏறி இறங்கி, சாந்தோம், கலங்கரை விளக்கம், காந்தி சிலை, உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்புவோம். சென்னை சமதளம், பாலம்தான் எங்களுக்கு மலை. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, இரண்டு ஞாயிறு போனது. தேங்கிய தண்ணீரில் ஓடவே கூடாது, அடியில் குழி இருக்கிறதா மூடி திறந்திருக்கிறதா என்று தெரியாது. அந்த இரண்டு ஞாயிறும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் வேகமாக நடந்தேன், அதுவே போதுமானதாக இருந்தது.

இனி தண்ணீர். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எனக்கோ கணக்கு வேண்டும். வியர்வையை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, வீட்டு எடைக்கருவி போதும். செப்டம்பரில், வெப்பம் 27 டிகிரி இருந்த ஒரு காலையில், கழிப்பறை போய்விட்டு வந்து, உடை இல்லாமல் எடை பார்த்தேன்: 62.4. அளவுக்கோடு போட்ட பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீருடன் சரியாக ஒரு மணி நேரம் ஓடினேன், நடுவில் சிறுநீர் போகவில்லை. வந்தவுடன் டவலால் தலைமுடி உட்பட நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி உடை இல்லாமல் ஏறினேன். 61.5. குறைந்தது 900 கிராம், குடித்தது 250 மில்லி, ஆக மொத்தம் ஒரு மணி நேரத்தில் 1.15 லிட்டர் வியர்வை! தலைமுடியைத் துடைக்காமல் முதல் தடவை பார்த்தபோது 150 கிராம் வித்தியாசம் வந்தது, முடி நீளமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் 22 டிகிரியில் அதே சோதனை செய்தபோது 0.85 லிட்டர்தான். அப்படியென்றால் பந்தயத்தில் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் போகும். எல்லாவற்றையும் திருப்பிக் குடிக்கத் தேவையில்லை, குடிக்கவும் கூடாது. அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம், ஓட்டக்காரர்களுக்கு அது நடந்திருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதத்துக்குமேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது நான் பிடித்துக்கொண்ட கணக்கு. எனக்கு அது 1.2 கிலோ. ஆக, ஒரு லிட்டர் குடித்தால் சரி. தண்ணீர்ப் பந்தல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வரும், ஒவ்வொன்றிலும் முக்கால் கப், அவ்வளவுதான். முதல் வருஷம் தாகம் எடுத்தபோது இரண்டு மூன்று கப் ஒரேயடியாகக் குடித்து வயிறு குலுங்கியது நினைவுக்கு வந்தது.

ஓட்டத்துக்கு நடுவில் சாப்பிட, ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் இனிப்புக் கூழான ஜெல்லை ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். விலையும் ஒத்துவரவில்லை, வாயில் ஒட்டும் அந்தச் செயற்கைப் பழவாசனையும் ஒத்துவரவில்லை. பேரீச்சம்பழம் முயன்றேன், ஓடும்போது மென்றால் மூச்சு தடுமாறுகிறது. கடலை மிட்டாய்க்கும் அதே கதை, பல்லில் போய் மாட்டிக்கொள்ளும். கடைசியில் தேன்தான் சரிப்பட்டது. 100 கிராம் தேன், 50 மில்லி வெந்நீர், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சைச் சாறு, நன்றாகக் கலக்கி, சாஸ் ஊற்றும் சின்னப் பிழி பாட்டில்கள் இரண்டில் அடைத்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். தேனில் ஐந்தில் நாலு பங்கு மாவுச்சத்து, எனவே மொத்தம் 80 கிராம் கிடைக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு, அதில் கீழ்வரம்பைத் தொட்டுவிடுகிறது. தண்ணீர் கலக்காமல் வெறும் தேனை முயன்ற அன்று தொண்டையில் அடைத்து, மூன்றாவது கிலோமீட்டரில் வயிறு புரட்டியது. கலந்ததைக்கூடத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சற்று முன்னால் பிழிந்து விழுங்கி, உடனே மேலே தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது. இதை ஐந்து ஞாயிறு ஒத்திகை பார்த்தேன்.

நீல நகத்துக்கு வருவோம், சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு மிகவும் திருப்தி தந்த பழுதுபார்ப்பு இது. ஓட ஓடப் பாதம் வீங்கும், இறக்கத்தில் ஷூவுக்குள் முன்னால் வழுக்கும், விரல் நுனி முன்சுவரில் மோதும். ஆயிரக்கணக்கான தடவை மோதினால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டாமல் என்ன செய்யும்? ஒரு அரை அளவு பெரிய ஷூ, மாலையில் போய், ஓடும் காலுறையைப் போட்டுக்கொண்டு வாங்கினேன். நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. ஆனால் இப்போது குதிகால் மேலே எழுந்தது. அதற்குத்தான் அந்தக் கடைசித் துளை. ஓட்ட ஷூக்களில் மேலே, மற்ற துளைகளின் வரிசையிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு துளை இருக்கும், நான் அதை வருஷக்கணக்காகச் சும்மா விட்டிருந்தேன். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டால், இரண்டு பக்கமும் சின்னக் காது மாதிரி ஒரு வளையம் நிற்கும். வலது முனையை இடது காதுக்குள்ளும் இடது முனையை வலது காதுக்குள்ளும் நுழைத்து, மேலே இழுக்காமல் குதிகால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தால், கணுக்காலைக் கையால் பிடித்ததுபோல ஷூ கவ்விக்கொள்கிறது. அப்புறம் வழக்கமான முடிச்சு. பாலத்து இறக்கத்தில் விரல் மோதவே இல்லை.

தோல் உரிந்ததற்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், வியர்வையோடு ஒரு மணி நேரத்தில் வழிந்துபோய்விடுகிறது. வாசலின் நிற்கிறது. பட்டையின் தையல் படும் இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை உலர்ந்த தோலில் ஒட்டிவிட்டு, சுற்றி வாசலின் தடவினேன். முதலில் வாசலின், அப்புறம் டேப் என்று செய்தால் ஒட்டாது.

பந்தய நாள். இரண்டரைக்கு எழுந்து மூன்று மணிக்கு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு, சின்ன டம்ளர் காபி. கடைசி இரண்டு வாரமும் ஓட்டத்தைப் பாதிக்குமேல் குறைத்திருந்தேன், கால் பரபரவென்று இருந்தது. கழிப்பறை வரிசை நீளம், அதற்கென்றே நாற்பது நிமிடம் முன்னதாகப் போயிருந்தது நல்லதாயிற்று. கிளம்பும் கோட்டுக்கு எப்படியும் இரண்டு நிமிடம் கழித்துத்தான் வந்தேன், அதைப் பற்றிக் கவலை இல்லை, நெஞ்சில் குத்திய எண் அட்டையின் பின்னாலிருக்கும் சிப் கோட்டில் விரித்த பாயைத் தாண்டும்போதுதான் என் நேரம் தொடங்குகிறது.

முதல் மூன்று கிலோமீட்டரை 7:10 என்று ஓட வேண்டும். நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன், உள்ளங்கையிலும் பேனாவால் எழுதிக்கொண்டேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள், பெரியவர்கள், புடவையில் ஓடிய ஒரு அம்மா, எல்லாரும். உள்ளே ஏதோ ஒன்று "போ, போ" என்று தள்ளுகிறது, உடம்போ அன்று இறகுபோல இருக்கிறது. அந்த நேரத்தில் மெதுவாக ஓடுவதுதான் அன்று நான் செய்ததிலேயே கடினமான காரியம். மூன்றாவது கிலோமீட்டர் பலகையில் 21 நிமிடம் 30 வினாடி, வினாடி பிசகாமல். அங்கிருந்து பத்து வரை 6:55. ஏழில் தேன். பன்னிரண்டில் தேன். பத்து முதல் பதினைந்து 6:50. இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விடிந்தது, காற்று ஈரமாக இருந்தது, ஓடினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்த நேரங்கள் எல்லாம் பலகைக்குப் பலகை நானே பொத்தானை அழுத்தி எடுத்தவை. முதல் வருஷம் கைக்கடிகாரம் சொன்ன வேகத்தை நம்பியிருந்தேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முறைப்படி அளந்த பந்தயப் பாதையை சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணும் கருவியைப் பொருத்தி அளக்கிறார்கள், வளைவுகளில் சாலை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியாக. பாதை தப்பித் தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைக்கிறார்கள். நாமோ கூட்டத்தில் ஒதுங்கி, தண்ணீர் வாங்கக் குறுக்கே போய், வளைவில் வெளிப்பக்கமாக ஓடுகிறோம், போதாததற்குக் கட்டிடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் வேறு அலைகிறது. முடிவில் என் கடிகாரம் காட்டியது 21.34. சராசரி வேகம் 6:47 என்றும் காட்டியது, உண்மையில் 6:52. ஐந்து வினாடிதானே என்று தோன்றும், 21-ஆல் பெருக்கினால் ஒன்றே முக்கால் நிமிடம்.

பதினாறாவது பலகை தெரிந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. கால் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வலது கெண்டைக்காலில் மீன் துள்ளுவதுபோல ஒரு துடிப்பு, ஒரே ஒரு தடவை. பயந்துபோய் அடியைச் சின்னதாக்கினேன், வேகத்தைக் குறைக்காமல் காலடிகளை மட்டும் நெருக்கமாக வைத்தேன், கடைசித் தேனைப் பிழிந்து தண்ணீரும் குடித்தேன். ஒரு மேம்பாலம் ஏறி இறங்கியது, பதினெட்டு வரை 6:55. துடிப்பு திரும்ப வரவில்லை.

பதினெட்டுக்கு அப்புறம்தான் அது நடந்தது, முன்னால் என்னைத் தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணில் படத் தொடங்கினார்கள். நடந்துகொண்டிருந்தார்கள், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். போன வருஷம் நான் நின்ற அதே நிலை. நடுத்தடுப்பைப் பிடித்து நின்ற ஒரு இளைஞரிடம் முன்பாதத்தைக் கட்டையில் வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். கடைசி 3.1 கிலோமீட்டரை 6:25-இல் ஓடினேன், பயிற்சியில்கூட களைத்த காலோடு அந்த வேகம் வந்ததில்லை. 21-வது பலகைக்கு அப்புறமும் ஒரு 97.5 மீட்டர் இருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர் 1921-இல் மாரத்தானின் நிலையான தூரமாக ஆனது, அதைப் பாதியாக்கினால் இந்த ஒட்டுத்துண்டு வருகிறது. அந்த நூறு மீட்டர் முழுக்க வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன்.

அக்கா எனக்கு 11 நிமிடம் கழித்து வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டி நான்கு அடி நடந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கால் புடிச்சுதா?" என்றார். "இல்லக்கா" என்று முழுசாகச் சொன்னேன்.

வீட்டில் எடை 61.2. காலையில் 62.3 இருந்தது, 1.1 கிலோ குறைவு, கணக்குக்குள். பெருவிரல் நகம் வெள்ளையாக இருக்கிறது, டேப் ஒட்டிய இடத்தில் தோல் அப்படியே இருக்கிறது. இடது காலின் இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவில் மட்டும் ஒரு கொப்புளம், கொண்டைக்கடலை அளவு. இது லேஸால் சரியாகிற கோளாறு இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை இருக்கும் காலுறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஆறியதும் ஞாயிறு பத்து கிலோமீட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.